கடையில் திருட்டுப் பழி விழுந்தால்: வாசலில் செய்ய வேண்டியதும் பிறகு செய்ய வேண்டியதும்

ஜவுளிக்கடை வாசலைத் தாண்டும்போது திருட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கதவோரக் கம்பம் கத்துகிறது. செக்யூரிட்டி கையை நீட்டி மறிக்கிறார். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். முதலில் "பையைக் காட்டுங்க", அடுத்து "மேனேஜர் ரூமுக்கு வாங்க". எதையும் எடுக்காதவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம் என்று உள் அறைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சாட்சி கிடையாது. "திருடினேன்னு எழுதிக் கொடு", "பத்து மடங்கு கட்டு", "போட்டோ எடுத்து மாட்டுவோம்" என்பதெல்லாம் அந்த அறைக்குள்தான் நடக்கும். அதனால் வாசலிலேயே நில்லுங்கள். ஆட்கள் பார்க்கும் இடமும் கேமரா பார்க்கும் இடமும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "பில் போட்டுத்தாங்க எடுத்திருக்கேன். பில் இதோ இருக்கு. சந்தேகம்னா 112க்கு அடிங்க, நான் இங்கேயே நிக்கிறேன். உள்ளே வர மாட்டேன்." குரலை உயர்த்த வேண்டாம். ஓடவே கூடாது. செக்யூரிட்டியைத் தள்ளவும் கூடாது. தள்ளினால் பேச்சு திருட்டை விட்டு அடிதடிக்கு மாறிவிடும், கேமராவில் அதுதான் தெளிவாகப் பதியும்.

கம்பம் ஏன் கத்துகிறது

கம்பம் கத்தியது திருட்டுக்கு ஆதாரம் ஆகாது. துணியில் குத்தியிருக்கும் தடித்த பிளாஸ்டிக் டேக், சோப்பு, ஷாம்பு டப்பாக்களில் ஒட்டும் மெல்லிய லேபிள் இரண்டும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்குப் பதில் தருபவை. ஒரு வகை 58 கிலோஹெர்ட்ஸிலும் இன்னொரு வகை 8.2 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும். தடித்த டேக்கைக் காந்தக் கருவியால் கழற்ற வேண்டும். லேபிளை பில் கவுன்ட்டரில் உள்ள பலகை மேல் தேய்த்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும். தீபாவளி நெரிசலில் கவுன்ட்டர்காரர் இதை மறப்பது சாதாரணம். வேறு கடையில் வாங்கிய பொருளின் லேபிள் உயிரோடு இருந்து, அதே அலைவரிசை உள்ள இந்தக் கடையில் வந்து கத்துவதும் உண்டு. உங்கள் செருப்பின் அடியிலோ பர்ஸின் உள் பையிலோ பழைய லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எனவே கம்பம் கத்தினால் ஒவ்வொரு பொருளாக, பையைத் தனியாக, ஆளைத் தனியாகக் கம்பத்தின் வழியே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எது கத்த வைக்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெரிய ஜவுளிக்கடைகளில் பில் ஓரிடம், பணம் ஓரிடம், பொருள் கையில் வருவது வேறிடம். இந்த மூன்றில் ஒன்றில் கணக்கு பிசகினாலும் பழி கடைசியில் வாசலில் நிற்பவர் மேல்தான் விழும். பில்லை வாங்கிய கையோடு போனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சான எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணே நேரத்தோடு கூடிய சான்று.

கடைக்காரருக்கு எவ்வளவு அதிகாரம்

பில்லைக் கேட்கலாம், பையைக் காட்டச் சொல்லலாம். இரண்டுமே கோரிக்கைதான். உங்கள் சம்மதம் இல்லாமல் பைக்குள் கைவிடவோ உடம்பைத் தடவவோ எந்தச் சட்டமும் கடை ஊழியருக்கோ செக்யூரிட்டிக்கோ அதிகாரம் தரவில்லை. "எங்க லேடி ஸ்டாஃப் செக் பண்ணுவாங்க" என்பதாலும் அந்த அதிகாரம் வந்துவிடாது. போலீஸே சோதனை போட வேண்டுமானாலும், பெண்ணைப் பெண்தான், கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும் என்று கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 49ஆம் பிரிவு சொல்கிறது. மடியில் கனமில்லை என்றால் பில்லை நீட்டி, பையை நீங்களே மேசை மேல், கேமரா முன்னால் திறந்து காட்டுவதுதான் சீக்கிரம் முடியும் வழி. அது உங்கள் விருப்பம் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிடித்து வைக்கும் விஷயம் இன்னும் முக்கியம். அதே சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்யலாம். ஆனால் குற்றம் அவர் கண்முன்னே நடந்திருக்க வேண்டும், அது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமை இல்லாத குற்றமாகவும் இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். வெறும் சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303ஆம் பிரிவு. பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழ் என்றால், அது ஜாமீனில் விட வேண்டிய குற்றம், போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்கவும் முடியாது. ஆக, ஒரு ஷாம்பு பாட்டிலுக்காக உங்களைப் பிடித்து வைக்க செக்யூரிட்டிக்கு 40ஆம் பிரிவு உதவாது. மாறாக, அவர் உங்களை வழிமறித்தால் அது நியாய சன்ஹிதா 126ஆம் பிரிவின் சட்டவிரோதத் தடுப்பு, அறையில் அடைத்தால் 127ஆம் பிரிவின் சட்டவிரோத அடைப்பு. இந்த இரண்டுக்கும் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடலாம். பலருக்கும் தெரியாத நிலவரம் இது: சின்னத் தொகைக்கான பழியில், கடை சொல்லும் குற்றத்தைவிடக் கடை செய்யும் குற்றத்துக்குத்தான் போலீஸ் உடனே நடவடிக்கை எடுக்க முடியும்.

ஆனால் இதை வாசலில் நின்று வாதாட வேண்டாம். பொருள்களை வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கு 305 என்று தனிப் பிரிவு இருக்கிறது, தண்டனை 7 ஆண்டு வரை. போலீஸ் அதைப் போட்டால் 5000 ரூபாய்க் கணக்கு கைகொடுக்காது. நகைக்கடையில் தொகையும் எப்படியும் அதைத் தாண்டும். பிரிவுச் சண்டையை வக்கீலிடம் விடுங்கள்.

உண்மையிலேயே மறந்துவிட்டால்

டிராலியின் அடித்தட்டில் ஒரு பொருள் தங்கிவிடலாம், குழந்தை கையில் சாக்லேட் இருக்கலாம். திருட்டு ஆவதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும், மறதி திருட்டாகாது. "கவனிக்கல, இதுக்கும் பில் போடுங்க" என்று உடனே பொருளை மேசையில் வையுங்கள். மறைக்க முயன்றால் மறதியே எண்ணமாகத் தெரியும். அதே சமயம் "தப்புப் பண்ணிட்டேன்", "எடுத்துட்டேன்" என்ற சொற்களை வாயாலும் சொல்ல வேண்டாம், எழுதியும் கொடுக்க வேண்டாம்.

எழுதிக் கொடுப்பதும் பணம் கட்டுவதும்

"கையெழுத்துப் போட்டா விட்டுடுவோம்" என்பதை நம்பாதீர்கள். அந்தத் தாள் பிறகு உங்களுக்கு எதிரான ஒப்புதலாகக் கோர்ட்டுக்கு வரும். ஒப்புதல் வாங்குவதற்காகவே ஒருவரை அடைத்து வைப்பது 127ஆம் பிரிவிலேயே தனிக் குற்றம், தண்டனை 3 ஆண்டு வரை. மிரட்டிப் பணம் பறிப்பது 308ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை. "பத்து மடங்கு அபராதம்" என்று சுவரில் பலகை மாட்டியிருக்கலாம். அபராதம் விதிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு, கடைக்கு இல்லை.

வேறு வழியே இல்லாமல் கையெழுத்திட நேர்ந்தால், உங்கள் கையெழுத்துக்கு மேலே தேதி, மணி எழுதி, "வெளியே விட மறுத்ததால் எழுதியது" என்று ஒரு வரி சேருங்கள். பணம் கட்ட நேர்ந்தால் ரொக்கமாகத் தராதீர்கள். யுபிஐயில் அனுப்புங்கள், குறிப்பு வரியில் "கட்டாயத்தில் கட்டியது" என்று போடுங்கள். யாருடைய கணக்குக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது என்பது அழியாமல் நிற்கும்.

போலீஸ் வந்தால்

போலீஸ் வருவது உங்களுக்குப் பாதகம் என்று நினைக்காதீர்கள். கடைக்காரரின் அறையில் சட்டம் இல்லை, போலீஸுக்காவது விதிகள் உண்டு. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்குப் பதிலாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35ஆம் பிரிவின் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்வதுதான் வழக்கமான முறை. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான சூழல் என்றால் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்யலாம். சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 60 வயது தாண்டிய, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி கிடைக்கும்.

வீடு திரும்பிய அன்றே

மறித்த நேரம், விட்ட நேரம், செக்யூரிட்டியின் சட்டையில் இருந்த பெயர், ஏஜென்சியின் பெயர், யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்ன சொல் மாறாமல் எழுதி வையுங்கள். பக்கத்தில் நின்ற இருவரின் போன் எண் இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அடுத்து சிசிடிவி. கேமராப் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். பல கடைகளில் சில வாரங்கள்தான் தங்கும். அதனால் அன்றே கடைக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்:

"இன்ன தேதி மாலை 6.40 முதல் 7.30 வரை உங்கள் கடையின் வாசல், பில் கவுன்ட்டர், மேனேஜர் அறை வராந்தா ஆகிய இடங்களின் கேமராப் பதிவுகளை அழிக்காமல் பாதுகாக்கவும். பில் எண் இது. இவை போலீஸ் புகாருக்கும் வழக்குக்கும் தேவை. அழிந்தால் அதற்கு நீங்களே பொறுப்பு."

கடை பிறகு கோர்ட்டில் துண்டுக் காட்சியை மட்டும் காட்டினால், முழு நேரத்துக்கும் முன்கூட்டியே கேட்ட இந்தக் கடிதம் உதவும். கோர்ட்டில் மின்பதிவு செல்ல, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதை வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

ஸ்டேஷனில் கொடுக்கும் மனுவில் "அவமானப்படுத்தினார்கள்" என்று மட்டும் எழுதினால் அது மேசையிலேயே கிடக்கும். எத்தனை நிமிடம் மறித்தார்கள், எந்த அறையில் வைத்தார்கள், கதவைச் சாத்தியது யார், எவ்வளவு கேட்டார்கள் என்று எழுதி 126, 127, தேவைப்பட்டால் 308 ஆகியவற்றைக் (எல்லாம் நியாய சன்ஹிதா பிரிவுகள்) குறிப்பிடுங்கள். பெண்ணின் உடலைத் தவறாகத் தொட்டிருந்தால் 74. சாதிப் பெயர் சொல்லிப் பலர் முன் திட்டியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். உடனே எஃப்ஐஆர் போடாவிட்டால் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். எல்லை எங்களுடையது இல்லை என்றால் எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனும் பதியும் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள். ஆன்லைனில் தகவல் கொடுத்திருந்தால் 3 நாளில் போய்க் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் எஸ்பி, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

பலர் முன்னால் "திருடி" என்றதற்கான அவதூறு, 356ஆம் பிரிவு, போலீஸ் வேலை அல்ல. மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே புகார் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆள் ஒருவர் கேட்டிருக்க வேண்டும் என்பதால்தான் அந்த இரண்டு போன் எண்கள். உங்கள் படத்தைக் கடை வாட்ஸ்அப்பில் பரப்பியிருந்தால் வழக்கு இன்னும் வலுவாகும். நீங்களும் கோபத்தில் கடையைப் பற்றிக் கண்டதை எழுதாதீர்கள், இதே பிரிவு உங்கள் மேலும் திரும்பும்.

பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் நல்ல வழி. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. உதவி எண் 1915. எதுவும் வாங்காமல் வெளியே வந்தவர் நுகர்வோர் என்று நிரூபிப்பது கடினம், அவருக்கு சிவில் வழக்குதான் பொருந்தும். அடைத்து வைத்ததற்கும் அவதூறுக்கும் நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கின் கெடு 1 ஆண்டுதான், பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

பெரிய கடைகள் பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ் கண்டதும் சமரசம் பேச வரும். பேசலாம். ஆனால் புகாரைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்திடும் முன், கடையின் முத்திரையோடு எழுத்து மூலமான மன்னிப்பு, நீங்கள் எழுதிக் கொடுத்த தாளின் அசல், எடுத்த படங்களை அழித்ததற்கான உறுதி, கட்டிய பணம் ஆகிய நான்கும் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.