மால்ட் விஸ்கி ஆலைக்குப் போனால் செம்பைப் பாருங்கள்

மகன் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான், மகள் எடின்பரோவில் படிக்கிறாள் என்பதெல்லாம் பெரம்பூர், வியாசர்பாடி, இராயபுரம் வீடுகளில் இன்று சாதாரணம். பெற்றோர் அங்கே போனால் ஒரு கோட்டை, ஓர் ஏரி, ஒரு விஸ்கி ஆலை என்று சுற்றிக்காட்டுவார்கள். கோட்டையைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆலையைப் பற்றி நான் சொல்கிறேன். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் கொதிகலனோடும் செம்புக் குழாயோடும் காலம் கழித்தவன் நான். கடைசியில் கையில் தரும் கோப்பையை நினைத்துக்கொண்டே நடுவில் உள்ள வேலைப்பாட்டையெல்லாம் விறுவிறுவென்று கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒரே ஓர் ஆலைதான் பார்க்க நேரம் என்றால் டஃப்டவுன் ஊரிலுள்ள கிளென்ஃபிடிக்குக்குப் போங்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அபர்டீனிலிருந்து இன்வர்னஸ் போகும் ரயிலில் ஏறி கீத் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து டஃப்டவுன் சுமார் 18 கிலோமீட்டர். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே பழைய ரயில் பாதை ஒன்றைத் தன்னார்வலர்கள் உயிரோடு வைத்திருக்கிறார்கள். பருவத்தில் மட்டும் ஓடும். ஓடும் நாளாகப் பார்த்துப் போனால் ரயில்வேக் குடும்பத்தாருக்கு இரட்டை லாபம்.

போகுமுன் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். வில்லியம் கிராண்ட் என்பவர் பக்கத்திலிருந்த மார்ட்லக் ஆலையில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கணக்கு எழுதச் சேர்ந்து மேலாளராக உயர்ந்தார். 1886-ல் தன் ஒன்பது பிள்ளைகளையும் ஒரு கொத்தனாரையும் வைத்துக்கொண்டு சொந்த ஆலையைக் கட்டினார். வாலை (சாராயம் காய்ச்சி வடிக்கும் செம்புப் பாத்திரம்) முதலிய தளவாடங்களைப் புதிதாகச் செய்ய வசதியில்லை. கார்டோ ஆலை கழித்துக்கட்டிய பழைய சாமான்களை 119 பவுண்டு 19 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கினார். 1887 கிறிஸ்துமஸ் அன்று முதல் வடிப்பு இறங்கியது. பல ஆலைகளின் சரக்கைக் கலந்த விஸ்கிகளே சந்தையை ஆண்ட காலத்தில், 1963-ல், ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த மால்ட் விஸ்கியைத் தனியாக வெளிநாடுகளுக்கு விற்கப் புறப்பட்டதும் இந்தக் குடும்பம்தான். இன்றும் ஆலை அவர்கள் கையில் இருக்கிறது.

உள்ளே போனதும் முளைகட்டிய பார்லியை அரைப்பது, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்குவது, பெரிய மரத்தொட்டியில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பது என்று வரிசையாகக் காட்டுவார்கள். தொட்டியின் மேல் குனிந்து மூக்கை நீட்டாதீர்கள். கரியமிலவாயு சுரீரென்று ஏறும்.

வாலைக்கூடத்தில்தான் நீங்கள் நின்று நிதானிக்க வேண்டும். சாராய ஆவி இருப்பதால் கைப்பேசியை அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள். முதலில் கழுத்தைப் பாருங்கள். சில நேராக ஏறும். சிலவற்றுக்கு அடியில் உருண்டையாக ஒரு புடைப்பு இருக்கும். சில லாந்தர் மாதிரி இடுப்பு சிறுத்து மேலே போகும். இதெல்லாம் அழகுக்காகச் செய்ததில்லை. இட்லிப் பானையின் மூடியில் ஆவி முட்டித் துளியாகிக் கீழே விழுகிறதல்லவா, அதேபோல் இங்கேயும் கனமான ஆவி கழுத்தில் குளிர்ந்து திரும்பிவிடும். கழுத்து உயர உயர, மேலேறித் தப்புவது இலேசான ஆவி மட்டுமே. கிளென்மொராஞ்சி என்ற இன்னோர் ஆலையின் வாலைக் கழுத்துகள் ஸ்காட்லாந்திலேயே உயரமானவை, அதன் விஸ்கியும் இலேசு. குட்டையும் பருமனுமாக இருந்தால் சரக்கு எண்ணெய்ப்பசையோடு கனமாக வரும்.

எஃகு மலிவாகக் கிடைக்கும்போது செம்பு எதற்கு என்று கேளுங்கள். புளித்த சாற்றிலுள்ள கந்தக வாடையைப் பிடித்துக்கொள்வது செம்புதான். அந்த வேலையில் அது தானும் தேய்கிறது. தோளிலும் கழுத்து வளைவிலும் தகடு மெலிந்துபோகும். மெலிந்த இடத்தை அறுத்தெடுத்துப் புதுத்தகடு வைக்க வேண்டும். செம்பை அடிக்க அடிக்க இறுகும். பழுக்கக் காய்ச்சி இளக்கி மறுபடி அடித்தால்தான் வளைவுக்கு வரும். அதற்கென்று சொந்தமாகச் செம்புக் கொல்லர்களையும் பீப்பாய் செய்பவர்களையும் வைத்துக்கொண்டிருக்கும் ஆலை இது. புது வாலை செய்தாலும் பழைய வடிவத்தை மாற்றுவதில்லை, ஏனென்றால் வடிவம் மாறினால் ருசி மாறும். ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். காட்டினால் அந்தத் தையலைக் கிட்டப்போய்ப் பாருங்கள், ஆனால் சுடும், தொடாதீர்கள்.

இங்கே இரண்டு முறை வடிப்பார்கள். முதல் வடிப்புக்கான வாலையின் கழுத்தில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். நுரை அதுவரை ஏறிவிட்டால் சூட்டைத் தணிக்க வேண்டும். கண்ணாடி வராத காலத்தில் கயிற்றில் கட்டிய மரக்குண்டைக் கழுத்தில் மோதவிட்டு, சத்தத்தை வைத்தே நுரையின் உயரத்தைச் சொன்னார்கள். கொதிகலனைத் தட்டிக் காது வைத்தவர்களுக்கு இது புரியும்.

பக்கத்தில் பித்தளைச் சட்டமும் கண்ணாடியுமாக, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருக்கும். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வருவதை மட்டும் எடுப்பது இங்கேதான். வரி ஏய்ப்பைத் தடுக்க வந்தது அந்தப் பூட்டு.

வடித்ததைப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காக முதிரவைக்கும் கிடங்கில் ஒரு கேள்வி போதும்: ஆண்டுக்கு எவ்வளவு ஆவியாகிறது? அங்கே சுமார் 2 சதவீதம். 2004-ல் கிளாஸ்கோவில் அறிமுகமான நம் பெங்களூரு அம்ருத் மால்ட் விஸ்கியின் ஆலையில் இழப்பு 10 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் அங்கே பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து வருவது இங்கே நாலைந்து ஆண்டிலேயே வந்துவிடுகிறது. வயதுக் கணக்கை மட்டும் பார்த்து நம் ஊர் மால்ட்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

கடைசியில் ருசி பார்க்கும்போது ஐஸ் கேட்காதீர்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் விரியும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, ஸ்காட்லாந்தில் வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை. அவருடைய பங்கைச் சின்னச் சீசாவில் தரும் ஆலைகள் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புட்டி வாங்கி வருவதானால் ஓர் ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் தீர்வை இல்லை. பெட்டியில் நடுவில், புடவைகளுக்கிடையே வையுங்கள். வீட்டில் புட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள், இல்லாவிட்டால் சாராயம் தக்கையைத் தின்றுவிடும்.