நிறத்தில் மயங்காதீர்கள்: ஃபிளேவர் ஜின்னில் நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாண வரவேற்பு, நிச்சயதார்த்தம், ஐம்பதாவது பிறந்தநாள் என்று பார் போட்டுக் கொடுப்பது என் தொழில். கோயில் கல்யாணத்தில் சரக்கு வாசமே அடிக்கக் கூடாது. சாயங்கால வரவேற்புக்குத்தான் எங்களுக்கு அழைப்பு. முன்பெல்லாம் மேசை நிறைய பிராந்தியும் கேன் ஸ்பிரிட் என்ற கரும்புச் சாராயமும் இருக்கும். இப்போது அதில் பாதியைப் பழம், பூ வாசம் சேர்த்த ஃபிளேவர் ஜின் பிடித்துக்கொண்டுவிட்டது.

வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களையும், வீட்டில் புதிதாக பார் வைப்பவர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் தலைமுறை வழுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இவர்களும் வழுக்குகிறார்கள். அந்த இடம் நிறம். ரோஸைப் பார்த்து வாங்குகிறார்கள், நீலத்தைக் காட்டி ஊற்றுகிறார்கள், இரண்டையும் அழகுக்கு அடுக்கிவைத்துக் கெடுக்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே, வெறும் வயிற்றில் குடிக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

லேபிளைப் படிக்காமல் வாங்குவது

ஜின்னின் அடிப்படை ஜூனிபர் என்ற காய். அந்த வாசம் தூக்கலாக இல்லாவிட்டால் ஜின் என்று சொல்வதற்கே இல்லை. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஜின் என்று விற்க ஆல்கஹால் குறைந்தது 43 சதவீதம் வேண்டும். ஐரோப்பாவில் 37.5 போதும். அதனால் இங்கே ரோஸ் நிறப் பாட்டிலைக் கையில் எடுத்ததும் திருப்பி எண்ணைப் பாருங்கள். 43-க்குக் கீழே என்றால், முன்பக்கம் எவ்வளவு கொட்டை எழுத்து இருந்தாலும், பின்னால் சின்ன எழுத்தில் வேறு வகைப் பெயர் போட்டிருப்பார்கள். வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஜின் விலை கொடுத்து இனிப்புச் சாராயம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

சர்க்கரை எவ்வளவு என்பதை லேபிள் பெரும்பாலும் சொல்லாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தட்டில் நாலைந்து சொட்டு விட்டு ராத்திரி அப்படியே வைத்துவிடுங்கள். லண்டன் டிரை வகையாக இருந்தால் காலையில் தட்டு காய்ந்து சுத்தமாக இருக்கும். அந்த வகையில் சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இனிப்புச் சேர்த்ததாக இருந்தால் விரல் பிசுபிசுவென்று ஒட்டும். டர்பன் வீடுகளில் விரல் வைத்துப் பார்க்கும் வேலையும் இல்லை, உங்களுக்கு முன்னால் எறும்பு வந்திருக்கும்.

நிறம் இருந்தாலே இனிப்பு என்றும் முடிவு கட்டக் கூடாது. மேற்குக் கேப் ஸ்டில்பேயில் ஃபின்போஸ் என்ற அந்தப் பக்கத்துப் புதர்ச் செடிகளை வைத்து ஜின் வடிக்கும் இன்வெரோஷின் ஆம்பர் தேன் நிறம். நம் ஊர் டிஸ்டிலரி 031-இன் பீப்பாயில் வைத்த ஜின்னுக்கு மரம் கொடுத்த நிறம்.

சன்னல் ஓரத்தில் அடுக்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

உம்ஷ்லாங்கா பக்கம் ஒரு தம்பி புது வீடு வாங்கினான். கடல் பார்த்த பெரிய சன்னல், அதன் ஓரமாகக் கண்ணாடித் தட்டு போட்ட பார், தட்டுக்கு அடியில் விளக்கு. சம்பளம் வந்தால் ஒரு பாட்டில் என்று வருடம் முழுக்கச் சேர்த்தான். எல்லாம் நானூறு ராண்டைச் சுற்றி விலை. ஒன்றையும் திறக்கவில்லை, தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு என்று வைத்திருந்தான். அன்று மத்தியானம் போன் வந்தது. “அண்ணா, கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிட்டான். கொஞ்சம் வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். நீலப் பாட்டில் சாம்பல் கலந்த வெளுப்பாகிவிட்டது. ஸ்ட்ராபெரி பாட்டில் ஆறிப்போன தேநீர் நிறம். மூடியைத் திறந்து மோந்தால் ஜூனிபர் அப்படியே இருக்கிறது, மேலே பழ வாசம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய ஜாம் வாடை. பாட்டிலைத் திருப்பினேன். லேபிள் மறைத்த பக்கத்தில் கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை, திரவம்தானே, எல்லாம் சேர்ந்தே போய்விட்டது. ஆனால் லேபிளின் சன்னல் பக்க ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் கடைக்குப் போன் போடுவதை நிறுத்தினான்.

நடந்தது என்னவென்றால், பழத்திலும் பூவிலும் இருந்து வரும் சிவப்பு, ஊதா, நீலம் எல்லாம் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவற்பழத்திலும் செம்பருத்தியிலும் இருப்பது அதுதான். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் அது சிதைந்து பழுப்பாகும். மேற்குக் கேப் வூஸ்டரில் செய்யும் சிக்ஸ் டாக்ஸ் ப்ளூ என்ற ஜின்னுக்கு நீலம் கொடுப்பது நம் வேலியோரச் சங்குப்பூ. டானிக் என்ற கசப்புச் சோடாவை ஊற்றியதும் அது ரோஸாக மாறுவதைப் பார்த்துக் குழந்தைகள்கூடக் கூட்டம் கூடும். டானிக்கில் இருக்கும் சிட்ரிக் அமிலம் செய்யும் வேலை அது. அமிலம் பட்டு மாறும் நிறம் வெயில் பட்டால் நிற்குமா? அதோடு பழ வாசனையும் போய்விடும். செயற்கை நிறம் போட்டது வெயிலில் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அதனால் ‘என் பாட்டில் பளபளவென்றுதான் இருக்கிறது’ என்று சந்தோஷப்படவும் வேண்டாம். நிறம் நின்றாலும் மணம் நிற்காது.

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் தெற்குச் சன்னல், மேற்குச் சன்னல் என்று கணக்குப் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். இங்கே நாள் முழுக்க வெயில் வாங்குவது வடக்குச் சன்னல். கடல் பார்த்த கிழக்குச் சன்னலில் விடிந்ததும் வெயில் வந்துவிடும். பாரைக் கட்டும் ஆசாரியோ வீட்டை அலங்கரிக்க வந்தவரோ இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குப் போட்டோவில் நன்றாக விழ வேண்டும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். கதவு உள்ள அலமாரி, அடுப்புக்கும் கீசருக்கும் தள்ளி. பாட்டில் வந்த அட்டைக் குழாயைத் தூக்கிப் போடாதீர்கள், அதுக்குள்ளேயே வையுங்கள். பார்வைக்கு வேண்டும் என்றால் காலிப் பாட்டிலில் வண்ணத் தண்ணீர் நிரப்பி சன்னலில் வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறான்.

படுக்க வைப்பது

பாட்டிலைப் படுக்க வைப்பது ஒயினுக்குத்தான். ஜின்னின் வேகத்தில் கார்க் உளுத்துப்போகும், நிமிர்த்தி வையுங்கள்.

இனிப்புக்கு மேல் இனிப்பு

பெர்ரி ஜின், அதில் ரோஸ் நிற டானிக், அதன்மேல் ஸ்ட்ராபெரி, பட்டை, ரோஜா இதழ். இதை ஒருவரும் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பாதிக் கிளாஸ்கள் மேசை மேசையாக நிற்கும், கழுவுபவனுக்குத்தான் வேலை. டானிக்கில் கொய்னாவின் கசப்பு இருப்பதால் சர்க்கரை தெரிவதில்லை, ஆனால் அதில் நல்ல இனிப்பு உண்டு. ஜின் இனிப்பானால் சாதா டானிக்கோ சோடாவோ, கூட ஒரு எலுமிச்சைத் துண்டு போதும். ஃபிளேவர் டானிக்கைச் சாதா ஜின்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு அளந்து ஊற்றும் ஒரு டாட் இங்கே 25 மில்லி. இரண்டு டாட் ஊற்றினால் 200 மில்லி கேனில் முதலில் பாதியை மட்டும் விட்டு, குடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு மீதியை அவர்கள் கையில் கொடுங்கள். எடுத்த எடுப்பில் கேனைக் கவிழ்த்தால் நானூறு ராண்டுக்கு வாங்கிய வாசம் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

சாப்பாட்டோடு என்றால் இன்னொரு விஷயம். டர்பன் மட்டன் கறிக்கும் சில்லி பைட்ஸ் என்ற காரப் பஜ்ஜிக்கும் சுள்ளென்ற டானிக் சேராது. காரமும் கேஸும் ஒரே நேரத்தில் நாக்கைக் கிள்ளும். கறி வரும் நேரத்தில் லேசாக இனித்த ஜின்னை ஐஸ் தண்ணீரில் கலந்து கொடுப்பேன். முதலில் முகம் சுளிப்பவர்கள் அப்புறம் இரண்டாவது கேட்பார்கள்.

ஃப்ரீசரில் போடுவது

43 சதவீதச் சரக்கு வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் உறையாது. 20 சதவீதத்தை ஒட்டிய இனிப்பு வகைகள் கூழாகிவிடும். உறையாத பாட்டிலிலும் அந்தக் குளிரில் மணம் எழும்பாது. மணத்துக்காகவே காசு கொடுத்து வாங்கியதை எதற்காக மூக்கடைத்துக் குடிக்க வேண்டும்? ஃப்ரிட்ஜ் போதும், அதுவும் பரிமாறுகிற அன்று.

கலங்கினால் கெட்டது என்று நினைப்பது

இல்லை. தண்ணீர் பட்டதும் செடி எண்ணெய் பிரிந்து வெளுக்கும். குடிக்கலாம்.

ஊறவைத்துவிட்டு மறந்துபோவது

டிசம்பரில் லிச்சி வந்தால் வீட்டுக்கு வீடு ஜாடி ஏறும். நல்ல பழக்கம்தான், சாதா ஜின் வாங்கி நாமே ஊறவைத்தால் செலவும் குறைவு. ஆனால் எல்லாம் ஒரே கணக்கில் ஊறாது. ஏலக்காய் நாலு தட்டிப் போட்டால் சில மணி நேரத்தில் பாட்டிலையே பிடித்துக்கொள்ளும், ராத்திரி போட்டுக் காலையில் பார்த்தால் இருமல் மருந்துதான். ரூய்போஸ் தேயிலைக்கு ஒரு மணி நேரம் தாராளம். நார்ட்ஜி என்ற கமலா ஆரஞ்சுத் தோலைப் போடும்போது உள் வெள்ளையைச் சுத்தமாகச் சீவுங்கள், கசப்பு அங்கேதான் இருக்கிறது. லிச்சி போன்ற சதைப் பழத்துக்குச் சில நாள் ஆகும். பழம் சரக்குக்கு மேலே தலை நீட்டக் கூடாது, நீட்டிய இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். பழச்சாறு இறங்க இறங்க ஆல்கஹால் அளவும் குறைகிறது, அதனால் அது கடைப் பாட்டில் மாதிரி வருடக்கணக்கில் இருக்காது. வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

புரட்டாசிப் பாட்டில்

ஆவணியில் திறந்து கால்வாசி மிச்சம் வைத்துவிட்டு, புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிக்கு எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இங்கே அது வெயில் ஏறும் காலம். பாட்டிலில் சரக்கைவிடக் காற்று அதிகமாக இருந்தால் பழ மணம்தான் முதலில் போகும். விரதம் தொடங்கும் முன் மிச்சத்தைச் சின்னப் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி இறுக்கி மூடுங்கள். திறந்த ஃபிளேவர் பாட்டிலை ஆறு மாதத்துக்கு மேல் நான் மேசைக்குக் கொண்டுபோவதில்லை.

ஐஸ்

மீனும் மசாலாவும் இருக்கும் ஃப்ரீசரில் மூடாமல் வைத்த ஐஸ் வேண்டவே வேண்டாம்.

நிறம் போனதை என்ன செய்வது

கொட்டாதீர்கள். கடைப் பாட்டில் நிறம் வெளுத்ததால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. இஞ்சி பியரும் எலுமிச்சையும் சேர்த்து ஜக்கில் கலக்கினால் யாருக்கும் தெரியாது, கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்கவும் ஆகும். வீட்டில் ஊறவைத்த ஜாடியில் மேலே பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் அதை எடுத்துப்போட்டுவிட்டு அடியில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மொத்தத்தையும் ஊற்றிவிடுங்கள்.