டிபன் டப்பாவுக்குள் காதுமெஷின்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 8 வயது மகள் ஒருநாள் காதுமெஷினை டிபன் டப்பாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். பையன்கள் பிடுங்கி விளையாடுகிறார்களாம்.

முதலில் அந்தப் பையன்களின் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். தப்பு. மறுநாளே இவளுக்குக் 'கோள்மூட்டி' என்று பெயர் விழுந்தது.

அப்புறம் தேதி, இடம், நடந்தது எல்லாம் நோட்டில் எழுதினேன். 3 வாரத்தில் 11 தடவை. அதில் 9, டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) வரிசையில். மாணவர் ஒழுங்கு விதிகளை வகுப்பது நிர்வாகக் குழுவின் கடமை என்கிறது 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினேன். (வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.) 'வேறு பள்ளிக்கு மாற்றலாமே' என்றார்கள், நான் அசையவில்லை. இடைவேளையில் டக் ஷாப் அருகே ஓர் ஆசிரியை நிற்க ஆரம்பித்தார்.

இப்போது டப்பாவில் மிச்சப் புளிச்சோறுதான் திரும்பி வருகிறது.