பழைய ஆம்னி வேனில் கியர் ஆயில் கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1984இல் தொடங்கி 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி ஆம்னி வேன்கள் இன்றும் நம் ஊர்களில் காய்கறி மூட்டைகளையும் சமையல் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வண்டியின் கியர் பாக்ஸில் எண்ணெய் கசிவது வியப்புக்குரியதன்று. சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் ரப்பர் வெப்பத்தில் நாளடைவில் இறுகி, தன் பிடிப்பை இழந்துவிடுகிறது. சீலின் விலையும் பெரிதல்ல. ஆனால் எங்கிருந்து கசிகிறது, ஏன் கசிகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் சீலை மாற்றுவதால்தான் ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்ய நேர்கிறது.

எண்ணெய் சொட்டும் இடத்தையே கசியும் இடம் என்று முடிவு செய்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் முதல் தவறு. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலும், கியர் பாக்ஸ் அதன் பின்னாலும் இருக்கின்றன. வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று எண்ணெயைப் பின்னோக்கியே தள்ளும். ஆகவே எஞ்சினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கில் கசியும் எஞ்சின் ஆயில்கூட வழிந்து, கியர் பாக்ஸின் அடிப்பகுதியில் வந்து சொட்டலாம். அதைக் கண்டு கியர் பாக்ஸைக் கழற்றினால் பணமும் நாளும் வீண். கசிவின் தொடக்கத்தைத் தேடும்போது, ஈரமான பகுதிகளுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறது என்றே பார்க்க வேண்டும்.

அழுக்கின் மேல் தேடுவதும் பயனற்றது. பல ஆண்டுப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பிசின்போல் படிந்திருக்கும்போது, எது புதிய கசிவு, எது பழைய கறை என்று எவராலும் சொல்ல முடியாது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கியர் பாக்ஸ் முழுவதையும் கழுவி, துணியால் ஈரமில்லாமல் துடைத்து, சீல்களைச் சுற்றி முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரின் மேல் எண்ணெய் ஒரு கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்நுனிதான் நாம் தேடும் இடம். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைப்பதும் நல்ல பழக்கம். காலையில் அதில் விழுந்த துளியைத் தொட்டு முகர்ந்தால், கியர் ஆயிலுக்கே உரிய கந்தக நெடி தெரியும். எஞ்சின் ஆயில் கறுத்து, புகை வாடையோடு இருக்கும்.

பின்புற ஆயில் சீல், எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் வந்து சேரும் இடம் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். கேபிள் பொருந்தும் இடத்தில் இருக்கும் சிறு ரப்பர் வளையத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது கெட்டால் எண்ணெய் வெளியே வழிவதோடு கேபிளுக்குள்ளும் ஏறும். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் கிளட்ச்சை மூடியிருக்கும் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் மட்டும் இன்னும் பொறுமை வேண்டும். அங்கே எஞ்சினின் கிராங்க் சீலும் கசியலாம், கியர் பாக்ஸின் முன் சீலும் கசியலாம். எதுவானாலும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதால், இறக்கிய பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவைப்பது பெருந்தவறு. எண்ணெயில் நனைந்த கிளட்ச் பிளேட்டைத் துடைத்து மறுபடி மாட்டுவதும் அப்படியே.

என் மாமாவின் சமையல் வேனில் ஒரே ஆண்டில் இரண்டு முறை பின் சீலை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. மூன்றாம் முறை கழற்றியபோதுதான், கியர் பாக்ஸின் மேலிருக்கும் பிரீதர் எனும் காற்றுத் துளை மண்ணால் முற்றிலும் அடைபட்டிருந்ததைக் கண்டோம். ஓடும்போது சூடாகி விரியும் காற்று வெளியேற வழியில்லாமல், எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியால் சுத்தம் செய்த பிறகு அதே சீல் நெடுநாள் தாங்கியது. அதுமுதல் எந்த வேனாக இருந்தாலும் பிரீதரைப் பார்க்காமல் நான் சீலை வாங்குவதில்லை.

பின் சீலைக் கழற்றும்போது, கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின்னால் கொண்டுசெல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் ஓர் அடையாளக் கோடு கீறிக்கொள்ளாவிட்டால், திரும்ப மாட்டிய பின் வண்டி அதிரக்கூடும். கியர் பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்ட் முனையான யோக்கின் மேற்பரப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் சில வாரங்களில் கசியும். யோக்கை மாற்றுவதே முறை. உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினாலும், ஷாஃப்டின் மூட்டான கிராஸ் தளர்ந்திருந்தாலும் புதிய சீல் விரைவில் கசியும். புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். அதன் உதட்டில் சிறிது கியர் ஆயில் தடவி, சீலின் விளிம்புக்கு ஒத்த அளவுள்ள குழாயை வைத்து, நாலா பக்கமும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கமாக அடித்தால் சீல் கோணலாகி, அன்றே பாழாகிவிடும். வெளியே பேஸ்ட் பூசி அடைக்கும் வேலை எனக்கு உடன்பாடில்லை. அது கசிவை நிறுத்துவதைவிட, அடுத்த முறை இடத்தைக் கண்டுபிடிக்க விடாமல் மறைப்பதையே செய்கிறது.

எண்ணெயை மாற்றும்போது, ஊற்றும் துளையை மூடியிருக்கும் மேல் போல்ட் கழல்கிறதா என்று பார்க்காமல் டிரெயின் போல்ட்டைத் திறந்துவிடாதீர்கள். துருப்பிடித்த மேல் போல்ட் வர மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டி நகர முடியாமல் நின்றுவிடும். கசிவைக் குறைப்பதற்காக தடிமன் எண் 90க்குப் பதிலாக 140 உள்ள எண்ணெயை ஊற்றச் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டாம். குளிர்ந்த காலையில் கியர் விழச் சிரமப்படும், தடித்த எண்ணெய் பேரிங்குகளைச் சென்றடையத் தாமதமாகும். தடிமனைப் போலவே தரமும் முக்கியம்: டிஃபரென்ஷியலுக்கு உரிய ஜி.எல். 5 எனும் தரத்து எண்ணெயைக் கியர் பாக்ஸிலும் ஊற்றலாமா என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றி ஊற்றினால் எண்ணெயின் அளவு தவறிவிடும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பை எண்ணெய் தொட்டு, மெல்ல வழியத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். வண்டியைத் தூக்கி வேலை செய்ய நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். இரு பக்கமும் உறுதியான ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே செல்லுங்கள். வேலை முடிந்த மறுநாள் காலை, அதே அட்டையை மறுபடி விரித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் மேல் போல்ட்டைக் கழற்றி, எண்ணெய் துளையின் விளிம்பிலேயே நிற்கிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள்.