அம்மாவின் விரல்நுனியும் செயலியின் ஆலோசனையும்

அம்மாவுக்குச் சர்க்கரை பார்ப்பது ஆறு வருடங்களாக என் காலை வேலை. மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆய்வகத்தில் 140 வரும் ரத்தத்துக்கு மீட்டர் 119 காட்டினாலும் 161 காட்டினாலும் சர்க்கரை மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டதுதான்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். ஒருநாள் அம்மா மாம்பழம் நறுக்கிய கையோடு விரலை நீட்டிவிட்டார். 290! பதறிப்போய் ஏஐ செயலியிடம் கேட்டேன். இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. கை கழுவிப் பார்த்தால் 152. விரலில் ஒட்டியிருந்த சாறு அதற்கு எப்படித் தெரியும்?

எண்ணோடு நேரம், சாப்பிட்டது, மாத்திரை, தூக்கம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பைச் செயலியிடம் கொடுத்து, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துத் தரச் சொல்லுங்கள்; அதை ஏஐ நன்றாகவே செய்கிறது. மாத்திரை அளவை மட்டும் அதன் பேச்சைக் கேட்டு மாற்றாதீர்கள்.

70-க்குக் கீழே போனால் செயலியைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.