பரிசல் சுற்றாமல் நேராகப் போக

மாசி, பங்குனியில் ஒகேனக்கல் காவிரியில் வரத்து தணிந்திருந்தால், பரிசல்காரரைக் கூட வைத்துக்கொண்டு துடுப்புப் பழகலாம். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

வட்டப் பரிசலை ஒரு பக்கமாகவே வலித்தால் நின்ற இடத்தில் சுற்றும். போகிற திசையைப் பார்த்து மண்டியிடுங்கள். துடுப்பை நேர் முன்னால் செங்குத்தாக இறக்கி, படுத்த எட்டு போடுவதுபோல இடவலமாக அசைத்தபடி உங்கள் பக்கம் இழுங்கள். துடுப்பின் பலகை முழுதும் நீருக்குள் இருக்கட்டும். பாதி வெளியே வந்தால் வெறும் நுரைதான் கிளம்பும், பரிசல் நகராது. யாரும் எழுந்து நிற்கக் கூடாது, விளிம்பு உடனே சாய்ந்துவிடும்.

தண்ணீர் குறைந்தால் பாறை உரசி, பரிசலின் அடியில் பூசிய தார் பெயரும். கரையேறியதும் கவிழ்த்து நன்றாகக் காயவிட்டு, பெயர்ந்த இடத்தில் மட்டும் உருக்கிய தாரைப் பூசுங்கள். ஈரத்தின்மேல் பூசிய தார் ஒட்டாது, பட்டையாக உரிந்துவிடும்.