ஆள் இருக்கிற வீட்டை வாங்குமுன்: ஒன்ராறியோ வாடகைக் கணக்கு

2017இல் ஸ்காபுறோவில் ஒரு பழைய ரவுன்ஹவுஸ் வாங்கினேன். உள்ளே ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், மாதம் 1,300 டொலருக்கு. "வீடு கைமாறினால் வாடகையும் புதுசுதானே, அண்ணை" என்று வீடு பார்த்துத் தந்தவர் சொன்னதை நம்பி, 1,500 வரும் என்று மோர்கேஜ் கணக்குப் போட்டேன். அந்த வருடம் சட்டம் கூட்டவிட்டது 1.5 வீதம். அதாவது 19 டொலர் 50 சதம். துண்டு விழுந்த காசை இரண்டு வருடம் இரவு வேலை செய்து கட்டினேன்.

வீடு கைமாறினாலும் இருப்பவரின் வாடகை மாறாது. கடைசியாகக் கூட்டி 12 மாதம் ஆகவேண்டும். அந்த 12 மாதம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, பழைய உரிமையாளர் கூட்டிய நாளிலிருந்து ஓடும். 90 நாள் முன்னதாக என்1 என்ற வாடகை கூட்டும் அறிவித்தல் படிவத்தைக் கொடுக்கவேண்டும். வாயால் சொன்னது செல்லாது.

2026க்கு மாகாணம் வைத்த உச்சம் 2.1 வீதம். 1,850 டொலர் வாடகை 1,888 டொலர் 85 சதத்துக்கு மேல் போகாது. கடைசிக் கூட்டல் 2025 ஒக்ரோபர் 1 என்றால், அடுத்தது 2026 ஒக்ரோபர் 1. படிவம் யூலை 3க்குள் போய்ச் சேரவேண்டும். தபாலில் அனுப்பினால் இன்னும் ஐந்து நாள் முந்துங்கள். ஒரு மாதக் கூட்டலைத் தவறவிட்டால் அந்தக் காசு திரும்பி வராது.

புதுக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் இந்த உச்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் 2018 நவம்பர் 15 வரை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் குடியிருந்திருக்கக் கூடாது. "2018இல் கட்டியது" என்ற விளம்பரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் ஆள் எப்போது குடிவந்தார் என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பியுங்கள். இதற்குப் படிவம் என்2. 12 மாதமும் 90 நாளும் இங்கேயும் உண்டு.

இருப்பவர் தானாக எழும்பிப் போனால், அடுத்தவருக்கு என்ன வாடகை என்பது உங்கள் விருப்பம். அந்த ஆசையில் "எனக்கே வீடு வேண்டும்" என்று பொய் சொல்லி ஆளை எழுப்பாதீர்கள். பிடிபட்டால் தண்டம் பெரிது. அதைவிட, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நடுவருடத்தில் இடம்பெயர்க்கிற வேலை அது. இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு அது தெரியாததல்ல.

ஓஃபர் போடுமுன்னே குடியிருப்பவரிடம் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள்: இப்போதைய வாடகை, கடைசியாகக் கூட்டிய திகதி, பார்க்கிங், ஹைட்ரோ (மின்சாரக் காசு) யார் கட்டுவது, கடைசி மாத வாடகையாக எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறார். அந்தக் கடைசி மாதக் காசைக் குளோசிங்கில், அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில், விற்பவரிடமிருந்து கழித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு வருடா வருடம் வட்டி கட்டப்போவது நீங்கள்தான்.